கணிப்பும் ஐயமும்: துகள் இயற்பியலில் சென்னையின் பங்கு

‘கணி’ என்னும் சொல் தமிழில் நெடுவரலாறு உடையது. காலத்தைக் கணித்துச் சொல்வோரைக் கணியர் என்றனர்; பூங்குன்றனாரின் பெயருக்கு முன்னும் அச்சொல்லே நிற்கிறது. குறிஞ்சி நில மக்கள் வேங்கை மரத்தைக் கணியாகக் கொண்டனர். வேங்கை பூத்தால் தினை முற்றியது, கொய்யும் காலம் வந்தது என உணர்ந்தனர். நிகழ்வதற்கு முன்பே சொல்லுதல், சொன்னதை நிகழ்ந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தல் என்னும் இரண்டும் சேர்ந்ததே கணிப்பு. பின்னதை விட்டுவிட்டால் அது வெறும் ஆரூடமாகிவிடும். அணுவினும் நுண்ணிய துகள்கள் மோதும்போது என்ன நிகழும், எத்துணை முறை நிகழும் என்பதை எண்ணால் முன்னுரைக்கும் கணிப்பு சென்னையில் வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மயிலாப்பூர் இல்லக் கருத்தரங்கு

அரசியலமைப்பு வரைவுக் குழுவில் இடம்பெற்ற சட்ட மேதை அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயரின் மகன் அல்லாடி இராமகிருஷ்ணன் (1923–2008). இவர் 1957–58இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் தங்கியிருந்தபோது புதிய இயற்பியலின் வேகத்தை நேரில் கண்டார். சென்னை திரும்பியதும் மயிலாப்பூரில் உள்ள ‘ஏகாம்ர நிவாஸ்’ என்னும் தம் இல்லத்திலேயே மாணவர்களைக் கூட்டிக் கருத்தரங்கு நடத்தலானார். 1960 சனவரியில் சென்னை வந்த நீல்ஸ் போர் இக்குழுவைக் கண்டு வியந்தார். தம் வியப்பைச் செய்தியாளரிடமும் பகிர்ந்துகொண்டார். அதனால் பிரதமர் நேருவின் கவனம் இக்குழுவின்பால் திரும்பியது. அப்போதைய மாநிலக் கல்வியமைச்சர் சி. சுப்பிரமணியமும் துணைநின்றார். 1962 சனவரி 3ஆம் நாள் கணித அறிவியல் நிறுவனம் தோன்றியது. அதனைத் தொடங்கிவைத்தவர் வானியற்பியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர். விழா நடந்த மாநிலக் கல்லூரியே அவர் மாணவராகப் பயின்ற கல்லூரி என்பது ஈண்டு நினையத்தக்கது.

அந்த இல்லக் கருத்தரங்கில் பெண்களும் அமர்ந்திருந்தனர். அவருள் ஒருவரான டி. கே. இராதா, ஓப்பன்ஹைமர் இயக்குநராக இருந்த பிரின்ஸ்டன் நிறுவனத்திற்கு 1965–66ஆம் கல்வியாண்டில் ஆய்வாளராக அழைக்கப்பெற்றார். நம் பெண்கல்வி வரலாற்றை எழுதுவோர் விட்டுவிடக் கூடாத செய்தி இது.

படிப்படியாய்க் கணித்தல்

புரோட்டானுக்குள் குவார்க்குகளும் அவற்றைப் பிணைக்கும் குளுவான்களும் உள்ளன. பிணைக்கும் வல்விசை, மோதலின் ஆற்றல் கூடக்கூட வலிமை குன்றுகிறது. இவ்வுண்மையை 1973இல் கிராஸ், வில்செக், பொலிட்சர் ஆகியோர் காட்டினர். 2004இல் நோபல் பரிசு பெற்றனர். விசை மெலிந்திருப்பதால்தான் கணக்கைப் படிப்படியாகச் செய்ய இயலுகிறது: முதலில் முதன்மைப் பகுதி, அடுத்து அதற்குரிய திருத்தம், பின்னர்த் திருத்தத்தின் திருத்தம்.

இம்முறை நம் ஊரார்க்குப் புதிதன்று. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூர் மரச்சிற்பத்தை எண்ணிப் பார்க்கலாம். சிற்பி மரத்தில் உருவக்கோடு வரைகிறார். பெருவெட்டால் வேண்டாததை நீக்குகிறார். பின்னர்ச் சிற்றுளிகளால் அணிகலனையும் முகக்குறிப்பையும் வடிக்கிறார். அடுத்தடுத்த செதுக்கல் முன்னதினும் சிறிதாய் அமையும்.

ஆனால், ஹிக்ஸ் துகளின் கணக்கில் இயற்கை வேறொரு பாடம் கற்பித்தது. இரு குளுவான்கள் இணைந்து ஹிக்ஸ் துகளைத் தோற்றுவிக்கும் வாய்ப்பினை ‘பிக்கோபார்ன்’ என்னும் அலகால் அளப்பர். ‘பார்ன்’ என்றால் ஆங்கிலத்தில் தானியக் களஞ்சியம். அணுக்கரு களஞ்சியம் போல் பெரிதாயிருக்கிறதே என்ற நகைச்சுவையில் 1942இல் பிறந்த பெயர் இது. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள மோதுவியில், 13 இலட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில், முதற்படிக் கணக்கு 16.00 பிக்கோபார்ன் தருகிறது. இரண்டாம் படி அதனோடு 20.84ஐச் சேர்க்கிறது; திருத்தம் மூலத்தினும் பெரிது! மூன்றாம் படி 9.56, நான்காம் படி 1.49 எனச் சேர்க்கின்றன. வேறு சில திருத்தங்களையும் கூட்டினால் 48.58 கிடைக்கிறது. முதற்படியோடு நின்றிருந்தால் உண்மையில் மூன்றில் ஒரு பங்கையே கண்டிருப்போம்.

இந்நான்கு படிகளையும் ஏற 37 ஆண்டுகள் ஆயின. முதற்படி 1978இல், இரண்டாம் படி 1991இல், மூன்றாம் படி 2002–03இல், நான்காம் படி 2015இல் முற்றின. மூன்றாம் படிக்கு ஏறத்தாழ ஆயிரம் வரைபடங்கள் தேவைப்பட்டன. நான்காம் படிக்கோ ஓரிலட்சம் அளவில் தேவைப்பட்டன.

தரமணியின் பங்கு

மூன்றாம் படியைத் தனித்தனியே கணித்து முடித்த மூன்று குழுக்களுள் ஒன்றில் வி. இரவீந்திரன் இருந்தார். ஜாக் ஸ்மித், வில்லி வான் நீர்வென் ஆகியோரோடு அவர் எழுதிய கட்டுரை 2003இல் வெளிவந்தது. அப்போது அலகாபாதில் பணியாற்றிய அவர் பின்னர்ச் சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்திற்கு வந்தார்.

குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் அழிந்து எலக்ட்ரான் இணையையோ மியூவான் இணையையோ தரும் நிகழ்வு, அதனை 1970இல் விளக்கிய டிரெல், யான் ஆகியோர் பெயரால் வழங்கப்படுகிறது. மோதும் துகள்களின் ஆற்றல் ஏறக்குறைய முழுதும் அவ்விணைக்கே செல்லும்போது எஞ்சுபவை மென்மையான குளுவான்கள் மட்டுமே. அவற்றின் பங்களிப்பு, மோதுபவை குவார்க்குகளாயினும் குளுவான்களாயினும், ஒரே பொதுவிதிக்கு அடங்கும். 2014இல் ஐரோப்பியக் குழுவொன்று ஹிக்ஸ் துகளுக்கு அவ்வெல்லையில் நான்காம் படி விடையைக் கண்டது. அதே ஆண்டில் தௌசிஃப் அகமது, மகுனி மகாகுத், நாராயண் ராணா என்னும் இளம் ஆய்வாளர் மூவரும் இரவீந்திரனும் சேர்ந்து, பொதுவிதியைத் துணைக்கொண்டு, டிரெல்–யான் நிகழ்வுக்குரிய விடையை வருவித்தனர். ஒன்றன் விடையிலிருந்து மற்றொன்றை அறியும் இத்திறம், பல்லாண்டுகள் அமைப்பை ஆழ்ந்து கற்றதன் பயன்.

ஐயத்திற்கும் அளவுண்டு

48.58 என்ற எண்ணைச் சொன்னவர்கள் அத்தோடு நிற்கவில்லை. கோட்பாட்டின் குறைவால் இவ்வெண் மேல்நோக்கி 4.56 விழுக்காடும் கீழ்நோக்கி 6.72 விழுக்காடும் பிறழக்கூடும் என்றனர். புரோட்டானின் உள்ளமைப்பையும் வல்விசையின் அளவையும் முற்ற அறியாமையால் மேலும் 3.2 விழுக்காட்டு ஐயம் உண்டு என்றனர். துல்லியம் என்பது பதின்மப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்பதன்று. தம் அறியாமையின் அளவையும் அளந்து உரைப்பதாகும். 2012 ஜூலை 4இல் புதிய துகள் அறிவிக்கப்பட்ட பின்பு, அது எதிர்பார்த்த ஹிக்ஸ்தானா என்று கேட்க முடிந்தது இத்தகைய கணிப்பு இருந்தமையால்தான். அளவீடும் கணிப்பும் இரண்டன் ஐயங்களையும் கடந்து வேறுபடுமாயின், அங்கே புதிய இயற்கை விதி மறைந்திருக்கக்கூடும். ஐயத்தின் எல்லையைச் சொல்லாத கணிப்பால் அதனைக் காண இயலாது.

2004இல் இந்திய அரசு வழங்கிய நடராசர் திருவுருவம் செர்ன் வளாகத்தில் நிற்பதை நம் மேடைகள் அடிக்கடி நினைவூட்டுகின்றன. அதில் மகிழ்வது இயல்பே. அணு என்ற சொல்லைப் பழம்பாட்டில் கண்டதும் நம் முன்னோர் யாவும் அறிந்திருந்தனர் என்று முழங்குவதும் எளிது. அம்முழக்கத்தில் ஐயத்தின் அளவு சொல்லப்படுவதில்லை. தரமணியில் தாளும் கணினியுமாய் ஆண்டுக்கணக்கில் அமர்ந்தவர்களின் பெருமையோ, யாரும் சரிபார்க்கக்கூடிய பெருமை.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்துக் கவிஞர்க்கு ஒரு வேண்டுகோள். துகள்களின் மோதல் வாய்ப்பைக் குறிக்கும் ‘கிராஸ் செக்‌ஷன்’ என்னும் சொல்லைக் ‘குறுக்குவெட்டு’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கிறோம். மரத்தை அறுத்த முகமே மனத்தில் தோன்றுகிறது. பொருள் துலங்கும் சொல் அன்று அது. சொல்லின் அளவறிந்தோரே இதற்கேற்ற சொல்லை ஆக்கித் தர இயலும். அடுத்த பத்தாண்டுகளில் நம் வட்டத்தின் கூட்டங்களில் அத்தகைய பணிக்கும் ஓர் அமர்வு அமையுமாக!