பட்டறிவுக் கூற்று: தேயிலைத் தோட்டத்து வாழ்க்கைக் கதைகளின் வகையும் வளர்நிலையும்

1. வரையறை

ஒருவர் தாம் பட்டதையோ தம் வீட்டார் பட்டதையோ, தம்மை அறிந்தவர் முன்னிலையில், ஒரு தறுவாயை ஒட்டிச் சொல்வதைப் 'பட்டறிவுக் கூற்று' என்று வழங்குவோம். பட்டவரின் உரிமை, கேட்பவரின் நெருக்கம், சொல்லும் தறுவாய் ஆகிய மூன்றும் இதன் உறுப்புகள். முதலாவது குறைந்தால் அது பழங்கதையாகும். இரண்டாவது குறைந்தால் வாக்குமூலமாகும். மூன்றாவது குறைந்தால் வரலாற்றுரையாகும்.

ஒப்பாரியோடும் தெம்மாங்கோடும் இதனை மயக்கலாகாது. அவை மெட்டில் நிற்பவை. சி.வி. வேலுப்பிள்ளை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று தொகுத்தவை அவ்வினத்தைச் சேர்ந்தவை. பட்டறிவுக் கூற்று பேச்சுநடையில் வாழ்வது. இலங்கை மலையகத்தின் அட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் வழங்கும் இக்கூற்றுகளே இக்கட்டுரையின் பொருள்.

2. வகைகள்

பொருள்பற்றி இவை துயர்க் கூற்று, பரிவுக் கூற்று, உறவுக் கூற்று என மூவகைப்படும்.

துயர்க் கூற்றில் மூன்று அடுக்குகள் உண்டு. முதல் அடுக்கு வழித்துயர். கோப்பிக் காலத்தில் தலைமன்னாரில் இறங்கிய முன்னோர் மாத்தளை வரை காட்டுவழியே நடந்தது, பாட்டன் வழி வந்த சொல்லாக இன்றும் நிற்கிறது. 2023 இல், முன்னோர் வந்த 200 ஆண்டு நிறைவாகிய 'மலையகம் 200' நினைவாக, அவ்வழியே மக்கள் மீண்டும் நடந்தனர். இரண்டாம் அடுக்கு பசித்துயர். 1973–74 பஞ்சம் இதன் மையம். மூன்றாம் அடுக்கு பிரிவுத்துயர். 1964 அக்டோபர் 30 இல் கையெழுத்தான இலங்கை–இந்திய அரசுகளின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்தது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000 என வகுத்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னைக்கு வைத்தது. அவர்களையும் 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அண்ணனுக்கு ஒரு நாடும் தங்கைக்கு மறு நாடும் வாய்த்த வீடுகளில், கோச்சி (ரயில்) ஏற்றிவிட்ட நாளே கதையின் தொடக்கமாகும்.

பரிவுக் கூற்றாவது, பெற்ற உதவியைச் செய்தவர் பெயரோடும் அளவோடும் நினைந்து சொல்வது. இரவில் போய்க் கேட்டபோது அடுத்த காம்பராக்காரி (பக்கத்து அறையில் குடியிருப்பவள்) அளந்து கொடுத்த ஒரு கொத்து அரிசி இவ்வகை. நிறை குறைந்து தனக்கு அரைப்பேர் (அரைநாள் கூலி) விழாதிருக்க, பக்கத்து நிரைக்காரி அவள் கூடைக் கொழுந்திலிருந்து இரண்டு பிடி அள்ளிப் போட்டதும் இவ்வகை. 1983 ஜூலைக் கலவரத்தில் தமிழ்க் குடும்பங்களைத் தம் வீட்டில் மறைத்துக் காத்த சிங்கள அயலவர் பற்றிய சொற்களும் இதனுள் அடங்கும்.

உறவுக் கூற்று, 'எந்தத் தோட்டம், எந்த டிவிசன், யார் வீட்டுப் பிள்ளை' என்னும் வினாக்களில் தொடங்கி மண உறவையும் மாமன் முறையையும் விளக்குவது.

3. காரணங்கள்

இக்கூற்றுகள் இங்கே செழித்ததற்கு மூன்று காரணங்கள் காண்கிறோம்.

முதலாவது இடம். தொழிலாளர் வரிசைவீடாகிய லயத்தில் ஒரு சுவரை இரு குடும்பங்கள் பகிர்கின்றன. அடுத்த வீட்டுத் துயர் கேளாமலே காதில் விழுகிறது. இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) சாயத்தண்ணியோடு அது பேச்சாகிறது.

இரண்டாவது தொழில். கொழுந்து பறிக்கையில் கை ஓய்வதில்லை, வாய்க்குத் தடையில்லை. நிரை பிடித்து நகரும் பெண்கள் பேச்சை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கித் தொடர்கின்றனர்.

மூன்றாவது சட்டம், இதுவே தலையாயது. இலங்கையின் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மூதாதையர் பிறப்புக்குச் சான்று கேட்டது. 1949 ஆம் ஆண்டுச் சட்டம், 1946 ஜனவரி 1 க்கு முன் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது வாழ்ந்ததை மெய்ப்பிக்கச் சொன்னது. பதிவுத்தாள் இல்லாதோர் நாடிழந்தனர். தாள் கைவிட்ட இடத்தில் மனிதர் சாட்சியாயினர். 'அந்த வருசம் அவங்கதான் அரிசி குடுத்தாங்க' என்ற சொல், நன்றியைக் கூறுவதோடு, 'நாங்கள் அன்று இங்கே இருந்தோம்' என்பதையும் நிறுவுகிறது. துயர்க் கூற்றுகள் பலவும் உதவியவர் பெயரில் வந்து முடிவதன் காரணம் இதுவே என்பது நம் துணிபு. பரிவு இங்கே சான்றாகவும் தொழிற்படுகிறது.

4. வளர்நிலைகள்

கூற்று நான்கு நிலைகளில் வளர்கிறது. பட்டவர் வாயில் அது விக்கலும் மௌனமும் கலந்த தன்சொல். பிள்ளைகள் வாயில் முதலும் முடிவும் பெற்றுக் குடும்பச்சொல் ஆகிறது. இழவு வீட்டிலும் திருவிழாவிலும் பலர் சொல்ல லயச்சொல் ஆகிறது. இந்நிலையில் பெயர்கள் உதிரத் தொடங்கும். நான்காவது எழுத்துச்சொல். என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து', தெளிவத்தை ஜோசப்பின் சிறுகதைகள் ஆகியவை லயத்து வாழ்வைப் புனைவாக்கி நிலைநிறுத்தின. புனைவு வாழ்வின் உண்மையைக் காக்கும்; உதவியவரின் பெயரைக் காப்பது அதன் கடமையன்று. ஆகவே ஒலிப்பதிவு தனியே வேண்டும்.

இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவில் 2003 இல் நியூயோர்க் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில் தொடங்கிய ஸ்டோரிகோர் (StoryCorps) என்னும் அமைப்பு, ஒருவரை ஒருவர் அறிந்த இருவரை எதிரெதிரே அமர்த்திப் பேசவைத்துப் பதிவுசெய்கிறது. நாம் வகுத்த இரண்டாம் உறுப்பாகிய கேட்பவரின் நெருக்கத்தை அம்முறை பேணுகிறது. அதே 2003 இல்தான் இலங்கை நாடாளுமன்றம், எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் தாளைக் கொடுத்துவிட்டது. தாளின்றி வாழ்ந்த காலத்தின் பதிவேடு இன்னும் முதியோர் நினைவிலேயே உள்ளது.

5. முடிபு

1964 இல் 20 வயதாயிருந்தவர் இன்று 80 ஐக் கடந்துவிட்டார். அவர்தம் பேரப்பிள்ளைகளின் கையில் ஒலிப்பதிவுக் கருவி உண்டு, நெருக்கமும் உண்டு. அவர்களை வேண்டுவது ஒன்றே. பாட்டியின் அருகே அமர்ந்து, 'என்ன கஷ்டம் பட்டீங்க?' என்று கேட்டபின் நிறுத்திவிடாதீர்கள். 'அப்ப யாரு உதவினாங்க?' என்றும் கேளுங்கள். அவர் சொல்லும் பெயரைத் தோட்டத்தோடும் டிவிசனோடும் சேர்த்துக் குறித்து வையுங்கள்.