பொருநைக் கரை நூல்களில் காதலும் நினைவும்

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் பிறந்த காதல் நூல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு பொதுக்குணம் தெரியும். காதல் நடந்துகொண்டிருக்கும்போதே அதைச் சொல்பவை குறைவு. பிரிந்த பிறகு, இறந்த பிறகு, ஊரைவிட்டுப் போன பிறகு சொல்லப்பட்டவையே மிகுதி. பாபநாசத்தில் மலையிறங்கிப் புன்னைக்காயலில் கடல் சேரும் இந்த ஆற்றின் நீளம் 130 கிலோமீட்டருக்கும் குறைவு. அந்தச் சிறு வெளிக்குள் ஆழ்வார் பாசுரம் முதல் தெரு நாவல் வரை வந்திருக்கிறது. எல்லாவற்றிலும் காதலைத் தாங்கி நிற்பது ஏதேனும் ஓர் இடம்: ஒரு புளியமரம், ஒரு கோயில், ஒரு தெரு.

வரிசையின் தொடக்கத்தில் திருக்குருகூர் நிற்கிறது. இன்று ஆழ்வார்திருநகரி எனப்படும் ஊர் அது. நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் உள்ள நூறு பதிகங்களில் 27 பெண் குரலில் அமைந்தவை. அவற்றில் 17 தலைவியின் பேச்சு, 7 தாயின் பேச்சு, 3 தோழியின் பேச்சு. பிரிந்து போனவனை நினைத்து உருகும் அகத்திணைத் தலைவியே இங்கே பக்தையாகிறாள். நாரையையும் குயிலையும் தூது அனுப்புவதும், மகளின் நிலை கண்டு தாய் புலம்புவதும் சங்கப் பாட்டு வழக்கங்கள்தாம். காதலின் பழைய இலக்கணத்தைப் புதிய தேவைக்கு எடுத்தாண்ட முதல் பெரிய முயற்சிகளில் இது ஒன்று.

இந்த நூல் தொலைந்துபோய் மீண்டது என்பது வைணவ மரபு. காட்டுமன்னார்கோயிலில் நாதமுனிகள் சில யாத்திரிகர்கள் பாடக் கேட்டது குடந்தைப் பெருமாளைப் பற்றிய ஒரே ஒரு பதிகம். அதன் இறுதிப் பாட்டு, ஆயிரத்தில் இது பத்து என்று சொன்னது. மீதியைக் கேட்டார், பாடியவர்களுக்குத் தெரியவில்லை. குருகூருக்கு வந்து, மதுரகவியாழ்வாரின் கண்ணிநுண்சிறுத்தாம்பை 12,000 முறை ஓதிய பிறகே அதுவும் மற்ற ஆழ்வார்களின் பாசுரங்களுமாக நாலாயிரமும் கிடைத்தது என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. வரலாறாகக் கொண்டாலும் நம்பிக்கையாகக் கொண்டாலும், ஒரு நூல் மக்கள் நினைவிலிருந்து நழுவக்கூடியது என்ற பயத்தை இந்தக் கதை நன்றாகவே பதிவு செய்திருக்கிறது.

அதே ஊரில் அதேபோன்ற ஒரு மீட்பு 1888ஆம் ஆண்டளவில் நடந்தது. இதற்குச் சான்று கதையல்ல, தேடியவரே எழுதிய தன்வரலாறு. கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887இல் பதிப்பித்துவிட்டுப் பத்துப்பாட்டுக்கு ஏடு தேடித் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தார். ஆழ்வார்திருநகரியில் கவிராயர் வீடுகள் பல, ஏடுகளும் பல. தேடியது மட்டும் அகப்படவில்லை. கடைசியில் லட்சுமண கவிராயர் தம் மாமனார் வீட்டிலிருந்து ஒரு கட்டை எடுத்துவந்தார். நிலா வெளிச்சத்திலேயே பிரித்துப் பார்த்த ஐயரின் கண்ணில் முதலில் பட்ட பெயர் முல்லைப்பாட்டு. போருக்குப் போன கணவனுக்காக ஆற்றியிருக்கும் பெண்ணைப் பற்றிய 103 அடிப் பாட்டு அது. பத்துப்பாட்டு 1889இல் அச்சேறியது. எல்லா ஏடுகளுக்கும் இந்த நல்லூழ் வாய்க்கவில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதை அவரே வேதனையோடு எழுதியிருக்கிறார். அவற்றுள் என்னென்ன இருந்தன என்பதற்கு இனி விடையில்லை.

இடைக்காலத்து நூல்களில் முக்கூடற்பள்ளு ஒன்றையேனும் சொல்லியாக வேண்டும். சிற்றாறு தாமிரபரணியில் கலக்கும் சீவலப்பேரிதான் முக்கூடல். மூத்த பள்ளி முக்கூடல்காரி, வைணவத்தாள்; இளையவள் மருதூர்க்காரி, சைவத்தாள். ஒரு கணவனைப் பங்கிட்டுக்கொள்ளும் இருவரும் ஒருத்தியின் சாமியை மற்றவள் ஏசிச் சண்டை போடுகிறார்கள். ஆசிரியர் பெயர் தெரியாத இந்நூல், நெல்வகை, மாட்டுவகை, மீன்வகைகளை அடுக்கிச் சொல்வதால், அந்தக் காலத்து வயல்வெளிக்கு ஒரு பதிவேடாகவும் ஆகிவிட்டது. சண்டைக்காகப் படிப்பவரைவிட நெற்பெயர்களுக்காகப் படிப்பவர் இன்று அதிகமாக இருக்கலாம்.

ஆனால் காதல், நினைவு, கடந்தகாலம் மூன்றும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும் கதை பாளையங்கோட்டையில்தான் இருக்கிறது. 1770களில் அந்தக் கோட்டையில் ஆங்கிலப் படை தங்கியிருந்தது. லிட்டில்டன் என்ற அதிகாரியோடு தஞ்சையைச் சேர்ந்த மராத்தி பிராமண விதவை ஒருத்தி வாழ்ந்துவந்தாள். கணவனின் சிதையில் ஏற இருந்தவளை அவர் மீட்டார் என்பது வாய்மொழி. அவர் அவளுக்கு ஆங்கிலமும் கிறிஸ்தவமும் கற்பித்தார், மணம் செய்துகொள்ளவில்லை. தரங்கம்பாடியிலிருந்து வந்து தஞ்சை, திருச்சிப் பகுதிகளில் ஊழியம் செய்துவந்த ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்சிடம் அவள் ஞானஸ்நானம் கேட்டபோது, இந்த வாழ்க்கையைக் காரணம் காட்டி அவர் மறுத்தார். அதிகாரி இறந்த பிறகு, 1778இல் அவரே அவளுக்குக் கிளாரிந்தா என்று பெயர் சூட்டி ஞானஸ்நானம் கொடுத்தார். 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் உள்ள நாற்பது பெயர்களில் முதற்பெயர் அவளுடையது. அவள் கட்டிய சிறு ஆலயத்தைச் சுவார்ட்ஸ் 1785இல் பிரதிஷ்டை செய்தார். ஊரார் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றார்கள். அது இன்றும் பாளையங்கோட்டையில் நிற்கிறது.

பதிவேடுகள் தருவது இவ்வளவுதான்: ஒரு பெயர், சில தேதிகள், ஒரு மறுப்பு, ஒரு கட்டடம். அவளுக்கும் அந்த அதிகாரிக்கும் இடையே இருந்தது நன்றியா, காதலா, வேறு போக்கிடம் இல்லாமையா என்பதைப் பாதிரிமார் எழுதி வைக்கவில்லை. அது அவர்களுடைய வேலையும் அல்ல. கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்க வரலாற்றிலும் அவள் ஒரு சபையின் முதல் உறுப்பினராகவே வருகிறாள்.

அந்த வெற்றிடத்தை நிரப்பியவர் அ. மாதவையா. தாமிரபரணியின் நவதிருப்பதிகளில் ஒன்றான பெருங்குளத்தில் 1872இல் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். உப்பு இலாகாவில் வேலை பார்த்துப் பல ஊர் சுற்றியவர். பத்மாவதி சரித்திரம் 1898இல் வரத் தொடங்கியபோதே, மனைவி மீது கணவனுக்கு எழும் சந்தேகத்தை நாவலின் மையத்தில் வைத்தார். முத்து மீனாட்சி (1903) விதவையின் கதை. 1915இல் அவர் எழுதிய கிளாரிந்தா ஆங்கில நாவல். கடைசி வரை இந்துவாகவே வாழ்ந்த ஒருவர், மதம் மாறிய பெண்ணைக் கதைநாயகியாக்கியது அப்போது எளிதான காரியமல்ல. மிஷன் பதிவுகளில் சங்கடமாகத் தொட்டுச் செல்லப்பட்ட உறவை அவர் காதலாகவே எழுதினார். சதி, இளமையிலேயே விதவையாதல், பெண் கல்வி என்று தம் காலத்தில் வாதாடிக்கொண்டிருந்த விஷயங்களையெல்லாம் பதினெட்டாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோனார். அதனால் அவருடைய கிளாரிந்தா சுவார்ட்ஸ் கண்ட பெண்ணைக் காட்டிலும் 1915ஆம் ஆண்டின் சீர்திருத்தவாதி விரும்பிய பெண்ணாகவே தெரிகிறாள். இது குறைதான், ஆனாலும் அவளுக்கு ஒரு மனம் உண்டு என்று முதலில் எழுதியது இந்நூல்தான். பின்னாளில் சரோஜினி பாக்கியமுத்து இதைத் தமிழாக்கினார். பாளையங்கோட்டைக் கதை அதன் பிறகே தமிழில் ஊர் திரும்பியது.

மாதவையா தொடங்கிவைத்த தூரத்திலிருந்து எழுதும் பழக்கத்தை உச்சிக்குக் கொண்டுபோனவர் புதுமைப்பித்தன். சொ. விருத்தாசலம் பிறந்தது கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில், 1906இல். வளர்ந்ததும் இந்துக் கல்லூரியில் படித்ததும் திருநெல்வேலியில். பத்திரிகை வேலைக்காகச் சென்னைக்குப் போனபின் அவர் எழுதிய கதைகளில் நெல்லைப் பேச்சும் நெல்லைப் பிள்ளைமாரும் விடாமல் வந்துகொண்டிருந்தார்கள்.

1943இல் வெளியான செல்லம்மாள் கதையில் பிரமநாயகம் பிள்ளை சென்னையில் ஜவுளிக்கடைச் சிப்பந்தி. கதை தொடங்கும்போதே மனைவி இறந்துகிடக்கிறாள். இரவில் உதவிக்கு ஆள் இல்லை. பிணத்துக்குச் செய்ய வேண்டியவற்றைத் தாமே ஒவ்வொன்றாகச் செய்கிறார். அதன் பிறகே கதை பின்னோக்கிப் போய் அவர்கள் சேர்ந்து வாழ்ந்த காலத்தைக் காட்டுகிறது. நோயாளி ஆசைப்படுவது பெரிதாக எதற்கும் அல்ல. பொங்கலுக்கு ஊருக்குப் போய் வீட்டரிசிச் சோறு சாப்பிட வேண்டும். வரும்போது நெல்லிக்காய் அடையும் முருக்க வற்றலும் எடுத்துவர வேண்டும். ஊருக்குப் போகப் பணம் சேராது என்பது இருவருக்கும் தெரிந்ததுதான். போவதாகப் பேசிக்கொள்வதே அவர்களுடைய தாம்பத்தியத்தின் நெருக்கம். காதல் என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை. கணவன் பெண்டாட்டிக்குச் சமைத்துப் போடுவதும், அவள் அவர் பட்டினி கிடப்பாரே என்று எழுந்து அடுப்படிக்குப் போவதுமாக அது நடக்கிறது. தமிழில் காதல் கதைகளுக்குப் பட்டியல் போடுகிறவர்கள் இதை விட்டுவிடுவது வியப்புதான்.

எழுதியவரின் வாழ்க்கையும் பிரிவிலேயே கழிந்தது. மனைவி கமலா நெடுங்காலம் திருவனந்தபுரத்தில் பிறந்த வீட்டில் இருந்தார். அவருக்குப் புதுமைப்பித்தன் எழுதிய கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற நூலாக, அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு வந்தன. பணம் அனுப்ப முடியாத வருத்தமும் அடுத்த மாதம் சரியாகிவிடும் என்ற உறுதிமொழியும் அவற்றில் மாறி மாறி வருகின்றன. கதைகளில் எதையும் நக்கல் செய்கிற அதே கை, இங்கே நக்கலைக் கீழே வைத்துவிடுகிறது. ராஜமுக்தி படத்துக்காகப் புனே போனவர் காசநோயோடு திரும்பி, 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் காலமானார். கமலாவும் எழுத்தாளர், அவருடைய சிறுகதைத் தொகுப்பு காசுமாலை. நண்பர் தொ.மு.சி. ரகுநாதன் 1951இலேயே புதுமைப்பித்தன் வரலாற்றை எழுதி முடித்தார். ரகுநாதனின் பஞ்சும் பசியும் (1953) அம்பாசமுத்திரம் பகுதி நெசவாளர்களின் கதை. அதிலும் காதல் உண்டு. ஆனால் நூல் விலைக்கும் தறி வேலைக்கும் பின்னால்தான் அதற்கு இடம்.

எழுபதுகளில் வந்த தலைமுறை திருநெல்வேலியைத் தெருத்தெருவாக எழுதியது. 1949இல் பிறந்த வண்ணநிலவன் சென்னைக்குப் பத்திரிகை வேலைக்குப் போனவர். அவருடைய கம்பாநதி நாவலின் பெயர் நெல்லையப்பர் கோயில் வழக்கத்திலிருந்து வந்தது. ஐப்பசித் திருக்கல்யாணத்தில் காந்திமதியம்மன் தவக்கோலத்தில் எழுந்தருளும் இடம் கம்பாநதி. இறைவனுக்காகத் தவமிருக்கும் அம்மனின் பெயர் சொல்லும் நாவலில் வருவதோ, வேலை கிடைக்காத இளைஞனும் அவனுடைய கைகூடாத காதலும். 1981இல் வந்த ரெயினீஸ் ஐயர் தெரு இன்னும் சிறிய வெளியை எடுத்துக்கொண்டது: பாளையங்கோட்டைத் தெரு ஒன்று, ஆறே வீடுகள்.

தெருவுக்குப் பெயர் தந்தவர் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து 1838இல் அங்கேயே இறந்த ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ். ஊசிக்கோபுரம் என்று ஊரார் சொல்லும் ஆலயத்துக்கு அடிப்படை போட்டவர். நாவலில் அவரைப் பற்றிய வரலாறு எதுவும் இல்லை. பெயர்ப்பலகையாக மட்டும் மிஞ்சிய பழங்காலத்துக்குக் கீழே, வசதி குறைந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் வாழ்கின்றன. இருதயத்து டீச்சரும் நோயாளிக் கணவரும், எஸ்தர் சித்தி வைத்திருக்கும் வெளியே சொல்ல முடியாத உறவும், மழை பெய்வதையே பெரிய நிகழ்ச்சியாகக் காணும் டாரதியும் அங்கே இருக்கிறார்கள். நெறி தவறிய உறவுகளை ஆசிரியர் கண்டிப்பதில்லை. தெருவும் கண்டிப்பதில்லை, தெரிந்தும் தெரியாததுபோல் இருந்துகொள்கிறது. கிளாரிந்தாவை இருநூறு ஆண்டுகளுக்கு முன் காக்கவைத்த அதே ஊரில் நடக்கும் கதை இது என்பதை மனதில் வைத்துப் படித்தால் இந்த மௌனத்தின் அருமை தெரியும்.

சுடலைமாடன் கோயில் தெருவில் வளர்ந்த வண்ணதாசன் (பிறப்பு 1946) வங்கி வேலையில் ஊர் ஊராக மாறியவர். கதைகளில் போலவே கடிதங்களிலும் அவர் நினைவை எழுதினார். எல்லோருக்கும் அன்புடன், சில இறகுகள் சில பறவைகள் ஆகியவை கடிதங்களே நூலானவை. ஒரு சிறு இசை தொகுப்புக்கு 2016இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அவருடைய நண்பர் கலாப்ரியாவின் கவிதைகளில் சசி என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும். கிடைக்காமல் போன பெண்ணின் பெயர். பிற்காலத்தில் நினைவின் தாழ்வாரங்கள் என்று அவர் உரைநடையில் எழுதியபோது அந்தப் பெயரைச் சுற்றியிருந்த தெருக்களும் சினிமாக் கொட்டகைகளும் நொடித்துப்போன வீடுகளும் வெளியே வந்தன. சுகாவின் தாயார் சன்னதி, மூங்கில் மூச்சு ஆகிய நூல்கள் இதே வகையைச் சிரிப்போடு தொடர்ந்தன. ஊர் ஏக்கமே ஒரு சரக்காகிவிடும் ஆபத்து இவ்வகை எழுத்தில் உண்டு. இருட்டுக்கடை அல்வா வந்துவிட்டால் நினைவு வந்துவிட்டதாக எண்ணும் பக்கங்கள் இப்போது நிறையவே அச்சாகின்றன.

எதிர்த்திசையில் நடந்தவர் ஒருவர் உண்டு. குமரி மாவட்டத் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான், திருநெல்வேலியில் குடியிருந்து வியாபாரம் செய்துகொண்டே தாம் விட்டுவந்த கடலோரத்தை எழுதினார். ஒரு கடலோர கிராமத்தின் கதை 1988இல் நூலாயிற்று. மிஞ்சியிருக்கும் பழைய மரச்சாமான்களை விற்றுத் தின்னும் ஒரு குடும்பத்தின் கதையான சாய்வு நாற்காலி 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அவர் 2019இல் திருநெல்வேலியில் காலமானார்.