புரவலர் வாயிலும் விண்ணப்பப் படிவமும்

மதுரையில் தமிழுக்கென ஓர் அமைப்பு தோன்றும்போதெல்லாம் மூன்று தேவைகளும் உடன் தோன்றிவிடுகின்றன: கூடுவதற்கு ஓர் இடம், எழுதியதைப் பரப்ப ஒரு வழி, பரப்பியதைக் காக்க ஒரு பேழை. இம்மூன்றையும் தன் கைப்பொருளாலேயே நிறைவுசெய்துகொண்ட இலக்கிய அமைப்புகள் மிகச் சிலவே. ஏனையவை கொடையால் வாழ்ந்தன. இன்று அக்கொடை பெரும்பாலும் கணினி மென்பொருளாக வருகிறது. அதனைப் பெற விண்ணப்பம் எழுத வேண்டியிருக்கிறது. பத்தாண்டு நிறைவில் நிற்கும் நம் வட்டம் இம்மாற்றத்தின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது தகும்.

பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901 செப்டம்பர் 14 அன்று மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். மதுரைக்கு வந்தவிடத்தில் குறளும் கம்பராமாயணமும் தேடியும் கிடைக்காமையே அவரைத் தூண்டியது என்பர். சேதுபதி மன்னர் பாஸ்கர சேதுபதி துணைநின்றார். பாண்டியன் புத்தகசாலை, கல்விச்சாலை, அச்சகம், 'செந்தமிழ்' இதழ் எனச் சங்கம் கிளைத்தது. அங்கே கொடை பெறத் தகுதி புலமை ஒன்றே. கொடுப்பவர் பெறுபவரை முகம் கண்டு அறிவார். தேவர் 1911இல் மறைந்தார், சங்கமோ மறையவில்லை. நூல்களும் அச்சும் புரவலரின் உடைமையாக நின்றுவிடாமல் சங்கத்தின் உடைமையாக ஆனதற்கு இதில் பெரும் பங்குண்டு என்றே கொள்ளலாம்.

நூற்றாண்டின் இறுதியில் இவ்வூரின் பெயர் மற்றொரு முயற்சிக்குச் சூட்டப்பெற்றது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய 'மதுரைத் திட்டம்' அது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் வாழ்ந்த முனைவர் குமார் மல்லிகார்ஜுனனும் அதனை ஒருங்கிணைத்தனர். பல நாடுகளிலிருந்த தமிழன்பர்கள் ஊதியமின்றித் தட்டெழுதினர், பிழைதிருத்தினர். திருக்குறள் முதலாக நூல்கள் மின்வடிவம் பெற்றன. ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் ஓர் அறிவிப்பு இருந்தது: இம்முகப்பை நீக்காமல் எவரும் படியெடுத்து வழங்கலாம் என்பது அதன் கருத்து. விண்ணப்பம் இல்லை, தகுதி ஆய்வும் இல்லை. முதலில் தகுதரத்தில் அமைந்த அந்நூல்கள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. எழுத்துரு மாறியும் நூல் அழியாதிருந்தது, கோப்புகள் தொண்டர்களின் கையிலேயே இருந்ததால்தான்.

அரசும் ஒரு கொடை செய்தது. 2005 ஏப்ரலில் இந்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை, தமிழ் எழுத்துருக்களும் மென்பொருள்களும் அடங்கிய குறுவட்டினைச் சென்னையில் வெளியிட்டு, வேண்டுவோர்க்கு விலையின்றி வழங்கியது. எழுத்துரு வாங்கப் பொருளில்லாத சிற்றிதழ்களுக்கு அது பேருதவியாக வாய்த்தது.

இங்கே ஒரு சொல்லைத் தெளிந்துகொள்ள வேண்டும். விலையில்லாதது வேறு, கட்டற்றது வேறு. ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்தபோது வேண்டியது விலையின்மையை அன்று. பயன்படுத்தவும் படியெடுக்கவும் திருத்தவுமான உரிமையை. லிபரே ஆபீஸ் போன்ற கட்டற்ற மென்பொருளை எவரிடமும் கேளாமலே நாம் எடுத்துக்கொள்ளலாம். நிறுவனங்கள் இலாப நோக்கற்ற அமைப்புகளுக்குத் தரும் இலவசத் திட்டங்களோ இசைவினால் மட்டும் கிடைப்பவை. அவ்விசைவை முறைப்படுத்தியவற்றுள் முதன்மையானது, 1987இல் சான்பிரான்சிஸ்கோவில் காம்ப்யூமென்டர் என்ற பெயரில் தோன்றிய டெக்சூப். இந்தியாவில் நாஸ்காம் அறக்கட்டளை அதனோடு இணைந்து பணிசெய்தது. இன்று கூகுள், மைக்ரோசாப்ட், கேன்வா ஆகியவையும் இத்தகைய திட்டங்களை நடத்துகின்றன.

இவற்றின் வாயிலில் கேட்கப்படுவது புலமை அன்று, சான்று. சங்கம் பதிவு பெற்றதா, இலாப நோக்கற்றதா, விண்ணப்பிப்பவர் அதன் பெயரால் பேச உரியவரா என்பனவே வினாக்கள். 1860ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டம் தன் தலைப்பிலேயே இலக்கியச் சங்கங்களை முதலாவதாகக் குறித்தது. ஏழு பேர் கூடினால் பதியலாம் என்றது. தமிழகத்தில் இப்போது நடப்பது 1975ஆம் ஆண்டின் சட்டம். ஆயினும் மேலூரிலோ திருமங்கலத்திலோ உசிலம்பட்டியிலோ மாதம் ஒருமுறை கூடிக் கவிதை படித்துக் கலையும் சிறு வட்டத்திற்கு விதித்தொகுப்பு ஏது, தணிக்கைக் கணக்கு ஏது? கொடை மிகத் தேவைப்படும் வட்டமே அதன் வாயிலுக்கு வெளியே நிற்கிறது. இது சிந்திக்கத்தக்கது.

உள்ளே சென்றவர்க்கும் உறுதி இல்லை. இலவச இணையப் பக்கங்கள் தந்த ஜியோசிட்டீசு 2009 அக்டோபரில் மூடப்பட்டது. அங்கே குடியிருந்த பக்கங்கள் முகவரி இழந்தன. சிறு அமைப்புகளுக்கு இலவசமாகத் தந்துவந்த பிசினஸ் பிரீமியம் உரிமங்களை மைக்ரோசாப்ட் 2025 ஜூலை முதல் நிறுத்தி, எளிய திட்டத்தையே இலவசமாக வைத்தது. இதனைக் குற்றமாகச் சொல்வதற்கில்லை. கொடுப்பவர் மனம் மாறலாம் என்பது புறநானூற்றுக் காலம் தொட்டே பாடுவோர் அறிந்த செய்தி.

ஆகவே விண்ணப்பிக்க வேண்டா என்பது என் கருத்தன்று. பதிவு பெற்ற வட்டங்கள் தயங்காமல் விண்ணப்பிக்கட்டும், பெறுவதில் இழிவில்லை. பதிவு பெறாதவை கட்டற்ற மென்பொருளைக் கொண்டே தொடங்கட்டும். ஆனால் கருவி வேறு, களஞ்சியம் வேறு. கருவியை இரவல் பெறலாம். களஞ்சியத்தை இரவல் இடத்தில் வைத்தல் ஆகாது. பத்தாண்டுக் கவிதைகளையும் கூட்டக் குறிப்புகளையும் ஒருங்குறியில், எந்த மென்பொருளிலும் திறக்கும் எளிய கோப்புகளாக்கி, உறுப்பினர் மூவர் இல்லங்களிலும் ஒரு நூலகத்திலும் படிவைக்க வேண்டும். கணக்கின் கடவுச்சொல் ஒருவரின் நினைவில் மட்டும் தங்காமல், செயலர் மாறும்போது சாவியைப்போலக் கைமாற வேண்டும்.

ஓலை செல்லரித்தாலும் நூல் பிழைத்தது, வேறோர் ஊரில் வேறொருவர் படியெடுத்து வைத்திருந்ததால். அந்தப் பழைய வழக்கத்தை மறவாத வட்டத்திற்கு எந்தப் புரவலர் வாயில் அடைபட்டாலும் அச்சமில்லை.