சட்டமில்லாச் சேணம்: உங்கள் குதிரையின் முதுகுக்கு ஒத்துவருமா?

சவாரிக் குதிரைக்கு முதுகுதான் மூலதனம். முதுகில் ஒரு புண் வந்துவிட்டால், அது ஆறும்வரை பல வாரங்களுக்குச் சேணம் வைக்க முடியாது. ஆனால் தீவனச் செலவு ஒரு நாளும் நிற்காது. அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் கத்தியவார், மார்வார் குதிரைகளைச் சுழி பார்த்து, பல் பார்த்து, நடை பார்த்து வாங்குபவர்களில் பலர், சேணத்தை மட்டும் கிடைத்ததை வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். 'டிரீலெஸ்' எனப்படும் சட்டமில்லாச் சேணத்தை 'எந்தக் குதிரைக்கும் பொருந்தும்' என்று சொல்லி விற்பதுண்டு. அது முழு உண்மை அல்ல. வாங்கும் முன் கீழ்க்கண்டவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சட்டம் என்ன வேலை செய்கிறது?

வழக்கமான சேணத்தின் உள்ளே மரம், ஃபைபர் அல்லது இரும்பால் ஆன கெட்டியான சட்டம் இருக்கும். அது முதுகெலும்பைத் தொடாமல், இரு பக்கச் சதையின் மேல் உட்காரும். சவாரி செய்பவரின் எடையை நீளவாக்கில் பரப்பிவிடுவதே அதன் வேலை. ஆனால் சட்டத்தின் வடிவமும் முதுகின் வடிவமும் ஒத்துப்போக வேண்டும். சட்டம் குறுகலாக இருந்தால் தோள் பக்கம் கவ்விப் பிடிக்கும். அகலமாக இருந்தால் முன்பக்கம் இறங்கி எலும்பில் இடிக்கும்.

சட்டமில்லாச் சேணத்தில் தோல், கம்பளி, ஃபோம் ஆகியவை மட்டுமே இருக்கும். சிலவற்றில் முன்னும் பின்னும் மட்டும் சிறிய கெட்டித் துண்டுகள் வைத்திருப்பார்கள். நம் ஊரில் கம்பளியை மடித்துப் போட்டு வயிற்றுப்பட்டை கட்டி ஓட்டுவதும் ஏறத்தாழ இதே முறைதான். இது முதுகின் வளைவுக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும், தோளையும் கவ்வாது. ஆனால் எடையைப் பரப்பும் சட்டம் இல்லாததால், நீங்கள் உட்காரும் இடத்திலும் அங்கவடி தொங்கும் இடத்திலும் பாரம் குவியும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவகைச் சேணங்களின் அடியிலும் அழுத்தத்தை அளந்து, 2012-ல் முடிவை வெளியிட்டனர். சட்டமுள்ள சேணத்தில் எடை அதிகப் பரப்பில் பரவியது. சட்டமில்லாச் சேணத்தில் நடுப்பகுதியில் அழுத்தம் கூடியது.

எந்தக் குதிரைக்கு ஒத்துவரும்?

• முதுகு அகன்று, இரு பக்கமும் சதைப் பிடிப்புடன் உள்ள குதிரை.
• பிடரி மயிர் முடியும் இடத்தில், தோள்களுக்கு நடுவே உள்ள மேடு தாழ்வாக உள்ள குதிரை.
• உடல்வாகு அடிக்கடி மாறும் இளங்குதிரை. ஆனால் மாதம் ஒருமுறை பொருத்தத்தைப் பார்க்க வேண்டும்.

எதற்கு வேண்டாம்?

• பிடரி மேடு உயர்ந்து கூர்மையாக இருக்கும் குதிரைக்கு வேண்டாம்.
• மெலிந்து, முதுகெலும்பு துருத்திக்கொண்டிருக்கும் குதிரைக்கு வேண்டாம். அதற்கு முதலில் தேவை தீவனமும் குடற்புழு நீக்கமும்தான்.
• எடை மிகுந்தவர், அங்கவடியில் நின்றபடியே நெடுந்தூரம் ஓட்டுபவர் தவிர்க்கலாம். அங்கவடியில் நிற்கும்போது முழு எடையும் இரண்டு சிறிய இடங்களில் இறங்கும்.

அடிமெத்தை கட்டாயம்

சட்டமில்லாச் சேணத்தை வெறும் துணி மேல் வைக்காதீர்கள். இதற்கென உள்ள அடிமெத்தையில் முதுகெலும்பின் இரு பக்கமும் கெட்டியான ஃபோம் அல்லது கம்பளிப் பட்டைகள் இருக்கும். நடுவில் மூன்று, நான்கு விரல் அகலத்துக்கு வாய்க்கால் போன்ற பள்ளம் வேண்டும். நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்தப் பள்ளம் மூடாமல் இருக்கிறதா என்பதே சோதனை. ஒருவரை ஏற்றி உட்காரவைத்து, முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பாருங்கள். வெளிச்சம் தெரிந்தால் நல்லது. மெத்தை அமுங்கி எலும்பைத் தொட்டால் அந்தச் சேணம் உங்கள் குதிரைக்கு ஆகாது.

வைக்கும் முறை

1. முதுகையும் வயிற்றுப்பட்டை படும் இடத்தையும் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். சிறு முள்ளும் மணலும் புண்ணாக்கும்.
2. சேணத்தைச் சற்று முன்னே வைத்து, முடி படிந்திருக்கும் திசையில் பின்னால் இழுங்கள். தோள்பட்டை எலும்புக்கு இரண்டு, மூன்று விரல் பின்னால் அது நிற்க வேண்டும். குதிரை முன்காலை நீட்டும்போது அந்த எலும்பு பின்னோக்கி நகரும். அதற்கு இடம் வேண்டும்.
3. சேணத்தின் பின்முனை கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. விலாவைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, அதே கோட்டில் மேலே போய்ப் பாருங்கள்.
4. பிடரி மேட்டின் மேல் மெத்தையைத் தூக்கிவிட்டு, காற்றோட்டம் இருக்கும்படி செய்யுங்கள்.
5. வயிற்றுப்பட்டையை ஒரேயடியாக இறுக்காமல் படிப்படியாக இறுக்குங்கள்.
6. இந்தச் சேணம் எளிதில் சரியும். தரையிலிருந்து அங்கவடியில் தொங்கி ஏறாமல், திண்ணை அல்லது கல் மேல் நின்று ஏறுங்கள். சரிகிறதே என்று பட்டையை அளவுக்கு மீறி இறுக்க வேண்டாம். மார்புப்பட்டை சேர்த்துக் கட்டலாம்.

எடைக் கணக்கு

சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்த எடை, குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குதிரையின் எடையை அளவு நாடாவாலேயே மதிப்பிடலாம். முன்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவை எடுங்கள். தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு வரை நீளத்தை எடுங்கள். இரண்டும் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,877-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும்.

எடுத்துக்காட்டு: சுற்றளவு 160, நீளம் 145 எனில் குதிரையின் எடை சுமார் 312 கிலோ. அதில் 20 சதவீதம் சுமார் 62 கிலோ. சேணம் 5 கிலோ என்றால் ஏறுபவர் 57 கிலோவுக்குள் இருக்க வேண்டும். 80 கிலோ ஆள் ஏறினால் எந்தச் சேணமும் அந்தக் குதிரையைக் காப்பாற்றாது.

இறங்கியதும் பாருங்கள்

• நடுப்பள்ளம் காய்ந்தும், இரு பக்கமும் ஒரே சீராக வியர்த்தும் இருந்தால் நல்லது.
• நனைந்த இடத்துக்கு நடுவே உள்ளங்கை அளவு காய்ந்திருந்தால், அங்கே அழுத்தம் அதிகமாகவோ, சேணம் படாமலோ இருந்திருக்கும். விரலால் மெல்ல அழுத்துங்கள். முதுகைத் தாழ்த்தினாலோ, காதைப் பின்னால் மடக்கினாலோ அங்கே வலி இருக்கிறது.
• வீக்கம் உடனே தெரியாது. ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் தடவிப் பாருங்கள்.
• முதுகில் புதிதாக வெள்ளை முடி முளைத்தால், பழைய அழுத்தம் முடியின் வேரைக் கெடுத்திருக்கிறது என்று பொருள்.
• சேணத்தைக் கண்டதும் கடிக்க வருவது, ஏறும்போது விலகுவது, காலெட்டைக் குறுக்குவது ஆகியவற்றைத் திமிர் என்று அடிக்காதீர்கள். முதலில் முதுகைப் பாருங்கள்.

புண் வந்துவிட்டால்

முழுவதும் ஆறும்வரை சேணம் வைக்காதீர்கள். புண் உள்ள இடத்தில் மெத்தையை வட்டமாக வெட்டிவிட்டு ஓட்டுவது தவறு. அழுத்தம் அந்த வட்டத்தின் விளிம்புக்கு மாறும். மண்ணெண்ணெய், ஃபினாயில், சாம்பல் எதையும் போடக் கூடாது. சுத்தமான உப்பு நீரில் கழுவி, ஈ மொய்க்காமல் பாதுகாத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ரண ஜன்னி குதிரைகளை எளிதில் தாக்கும், உயிரையே எடுக்கும். சிறு புண்ணானாலும் அதற்கான தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவசர உதவிக்கு 1962 என்ற கால்நடை மருத்துவ எண்ணை அழைக்கலாம்.

சேணம் வாங்கும்போது, பணம் கொடுக்கும் முன் உங்கள் குதிரையின் மேல் வைத்து, அரை மணி நேரம் ஓட்டி, வியர்வைத் தடத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.