சிறு மடிக்கணினியின் மறுவாழ்வு

2007ஆம் ஆண்டு யூன் மாதத்திலே, தாய்வானின் தலைநகராகிய தாய்ப்பேயில் நடைபெற்ற கணினிக் கண்காட்சியில், ஆசுஸ் நிறுவனத்தார் சின்னஞ்சிறிய மடிக்கணினி ஒன்றைக் காட்சிக்கு வைத்தனர். ‘ஈ பீசி 701’ என்பது அதன் பெயர். திரை 7 அங்குலம். நிறை ஒரு கிலோகிராமுக்கும் குறைவு. சுழலும் வன்தட்டு அதில் இல்லை. 4 கிகாபைற் கொள்ளும் மின்னணுச் சேமிப்பகமே இருந்தது. வேலை செய்தற்குரிய நினைவகமோ 512 மெகாபைற் மாத்திரமே. அவ்வாண்டின் தொடக்கத்தில் மைக்ரோசொப்ட் வெளியிட்டிருந்த விண்டோஸ் விஸ்டாவை இத்தகைய பொறியில் ஏற்றுதல், கன்றுக்குட்டியின் முதுகிலே மூன்று மூடை நெல்லை ஏற்றுவதை ஒக்கும். ஆகவே, லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த சாண்ட்ரோஸ் என்னும் பணிசெயல் முறைமையோடு அது விற்பனைக்கு வந்தது.

இவ்வெண்ணம் ஆசுஸ் நிறுவனத்தாருக்குத் திடீரெனத் தோன்றியதன்று. 2005ஆம் ஆண்டிலேயே அமெரிக்கப் பேராசிரியர் நிக்கலஸ் நெக்ரபொன்ரே, வறிய நாட்டுச் சிறுவர் ஒவ்வொருவருக்கும் நூறு டொலர் விலையில் ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தை உலகின் முன் வைத்திருந்தார். நூறு டொலர் என்னும் எல்லையை அத்திட்டம் எட்டவில்லை. ஆயினும், கணினி ஆண்டுதோறும் பெரிதாகவும் விரைவாகவும் வளர்ந்தே தீரவேண்டும் என்ற வணிக நம்பிக்கையை அது அசைத்துவிட்டது.

சிறு கணினிகளுக்கு உயிரூட்டிய மென்பொருளின் வரலாறு இன்னும் பழையது. 1983ஆம் ஆண்டில் றிச்சட் ஸ்ரோல்மன் என்பார், எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமையுள்ள ஒரு முறைமையை ஆக்கப்போவதாக அறிவித்து, அதற்கு ‘குனூ’ எனப் பெயரிட்டார். 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் ரோவால்ட்ஸ், தாம் எழுதிய கருநிரலை வெளியிட்டார். இரண்டும் இணைந்தே லினக்ஸ் முறைமைகள் தோன்றின. ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வழங்குவதால், ஸ்ரோல்மன் தம் கொள்கையைப் பல்லாண்டுகளாக விளக்கிக்கொண்டே இருக்க நேர்ந்தது. தமிழருக்கு அவ்விடர் இல்லை. இலவசம் வேறு, சுதந்திரம் வேறு என்பதை நம் மொழியே பிரித்துக் காட்டிவிடுகிறது.

சிறு கணினிகளின் விற்பனை பெருகக் கண்ட மைக்ரோசொப்ட் வாளாவிருக்கவில்லை. 2008 யூன் மாத இறுதியோடு நிறுத்தவிருந்த பழைய விண்டோஸ் எக்ஸ்பியை, மலிவான சிறு கணினிகளுக்கு மட்டும் தொடர்ந்து வழங்க முன்வந்தது. வாங்குவோரும் பழகிய முகத்தையே நாடினர். சில ஆண்டுகளுக்குள் சிறு கணினிகளிற் பெரும்பாலானவை விண்டோஸுடனேயே விற்கப்பட்டன, லினக்ஸ் பின்தள்ளப்பட்டது. பின்னர் 2010இல் ஐபாட் வந்தது. மக்களின் நாட்டம் பலகைக் கணினிகளின்பாற் சென்றது. 2013ஆம் ஆண்டளவில் ‘ஈ பீசி’ வரிசையே நின்றுபோயிற்று.

2014 ஏப்பிரல் 8ஆந் திகதி எக்ஸ்பிக்கான ஆதரவும் முடிவடைந்தது. அன்று அச்சிறு கணினிகளில் எதுவும் உடையவில்லை. விசைகள் இயங்கின, திரைகள் ஒளிர்ந்தன. பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது மட்டுமே நின்றது. இருப்பினும், பல்லாயிரம் பொறிகள் பழம் பொருள்களாகி அலுமாரிகளுள் முடங்கின. ஒரு கருவியின் ஆயுளை அதன் சொந்தக்காரனன்றி, எங்கோ இருக்கும் நிறுவனமொன்று தீர்மானிக்கும் விந்தையை முன்னைய தலைமுறையினர் கண்டிருக்கமாட்டார்கள்.

இவற்றை மீட்டெடுக்கும் வழி அதற்கு முன்னரே உருவாகியிருந்தது. அவுஸ்திரேலியரான பரி கோலர் 2003இல் ‘பப்பி லினக்ஸ்’ என்னும் முறைமையை வெளியிட்டார். தம் வளர்ப்பு நாயின் நினைவாகவே அப்பெயரை இட்டாராம். அதன் தொடக்க காலப் பதிப்புகள் மிகச் சிறியனவே. அதன் நுட்பம் எளியது. முறைமை முழுவதும் சுருக்கப்பட்ட ஒரே கோப்பாக இருக்கும். கணினியை இயக்கியதும் அக்கோப்பு நினைவகத்திற்குள் ஏறிவிடும். பின்பு மெதுவான வட்டினை அடிக்கடி நாடவேண்டியதில்லை. பயனர் எழுதுபவை தனியான இன்னொரு கோப்பிற் சேமிக்கப்படும். எனவே, விரலளவான பென் டிரைவ் ஒன்றே போதும்; கணினியில் ஏற்கெனவே உள்ளதைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். ‘ஈ பீசி’யைப் பொறுத்தவரை, இயக்கியவுடன் ‘எஸ்கேப்’ விசையை அழுத்தினால், எதிலிருந்து தொடங்குவது என்று அதுவே கேட்கும். புதிய முறைமை மனத்துக்குப் பிடித்தால் மாத்திரம் உள்ளே நிலையாக நிறுவிக்கொள்ளலாம். அதற்குமுன் பழைய கோப்புகளைப் பிறிதோரிடத்திற் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது.

இவ்வாறு உயிர்பெற்ற கணினியிற் கட்டுரை எழுதலாம், கணக்குப் பதியலாம், பாட்டுக் கேட்கலாம். இணையமே இடர். இன்றைய இணையப் பக்கங்கள் படங்களாலும் நிரல்களாலும் பருத்துவிட்டன. ஓர் இணைய உலாவி தனித்தே 512 மெகாபைற்றையும் விழுங்கிவிடும். பழைய சிறு கணினிகள் பலவும் 32 துணுக்குச் செயலிகளை உடையவை. அவற்றுக்கான ஆதரவும் குறைந்து வருகின்றது. லினக்ஸ் முறைமைகளுள் மூத்தவற்றுள் ஒன்றும் பலவற்றுக்குத் தாயுமாகிய டெபியன், 2025 ஓகத்தில் வெளியிட்ட 13ஆம் பதிப்பில், அத்தகைய கணினிகளில் நிறுவும் வசதியைக் கைவிட்டது. கட்டற்ற மென்பொருளும் காலத்தின் சுமைக்குத் தப்பியதன்று என்பதை அதன் அன்பர்கள் மறைக்க வேண்டியதில்லை.

அதே 2025இன் ஒக்டோபர் 14ஆந் திகதி விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் முடிவுற்றது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, குறித்த சில செயலிகளையும் பாதுகாப்புச் சில்லையும் வேண்டி நிற்பதால், நல்ல நிலையிலுள்ள கணினிகள் பலவும் அதற்கு ஏற்றவையல்ல என ஒதுக்கப்படுகின்றன. எக்ஸ்பியின் கதை இரண்டாம் முறை நடைபெறுகின்றது. இம்முறை ஒதுக்கப்படுபவையோ 64 துணுக்குச் செயலியும் பன்மடங்கு நினைவகமும் உடையவை. இலேசான லினக்ஸ் ஒன்றுக்கு இவை மாளிகை போன்றவை.

இலேசு என்னும் சொல்லின் பொருளும் இதற்கிடையில் மாறிவிட்டது. ஒரு காலத்தில் 50 மெகாபைற்றைத் தாண்டுவதில்லை என்று விரதம் பூண்டிருந்த ‘டாம் ஸ்மோல் லினக்ஸ்’, நெடுநாள் உறக்கத்தின் பின் 2024இல் மீண்டும் வெளிவந்தது. பழைய கணினிகளுக்கென்றே ஆக்கப்பட்ட அப்புதிய பதிப்பு தனக்கு வகுத்துக்கொண்ட எல்லை, ஓர் இறுவட்டுக் கொள்ளும் 700 மெகாபைற்.