சர்ப்பகந்தியின் பெயர்களும் ரெசர்பினும்

மனநோய்க்கான முதல் நவீன மருந்துகளுள் ஒன்று இந்தியச் செடியொன்றின் வேரிலிருந்து கிடைத்தது. ரெசர்பின் என்னும் அம்மருந்தை இன்று அறிந்தோர் சிலரே.

அச்செடிக்குப் பெயர்கள் பல. வடமொழியில் சர்ப்பகந்தா, தமிழில் சர்ப்பகந்தி. 17ஆம் நூற்றாண்டின் 'ஹோர்த்தூஸ் மலபாரிகஸ்' அதனைச் 'சுவன்ன அமெல்பொடி' என்னும் மலையாளப் பெயரால் பதிவுசெய்தது. சுவன்ன என்றால் சிவந்த. தமிழ்ப் பெயர்ப் பட்டியல்களில் காணும் 'சிவன் அமல்பொடி' அதன் திரிபாகவே தோன்றுகிறது, நிறம் கடவுளாகிவிட்டது. தாவரவியல் பெயரோ, இந்தியாவுக்கே வராத ஜெர்மானிய மருத்துவர் ரவுவோல்ஃபைக் குறிக்கிறது. பீகார் மக்கள் மட்டும் அதனைப் 'பாகல் கி தவா', அதாவது பைத்தியத்திற்கான மருந்து என்றழைத்தனர். செடியின் பயனைச் சொன்ன பெயர் அதுவே.

1931இல் கல்கத்தா மருத்துவர்கள் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் அவ்வேர்த்தூள் மனக்கொந்தளிப்பைத் தணிக்கிறது, இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று எழுதினர். அதே ஆண்டில் தில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கியும் ரஃபத் ஹுசைன் சித்திக்கியும் வேரிலிருந்து பல காரப்பொருள்களைப் பிரித்தெடுத்தனர். மேலைநாடுகள் அதனைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீலின் கட்டுரை பிரித்தானிய இதய மருத்துவ இதழில் வெளிவந்த பின்னரே நிலை மாறியது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் ரெசர்பினைப் பிரித்தெடுத்தது. 1954இல் நியூயார்க்கில் நேதன் கிளைன் அதனை மனநோயாளிகளுக்கு அளித்துப் பயன்கண்டார்.

அது எவ்வாறு அமைதி தருகிறது? நரம்பணுக்கள் தம் செய்திகளைக் கடத்தும் வேதிப்பொருள்களைச் சிறு பைகளில் சேமிக்கின்றன. ரெசர்பின் அச்சேமிப்பைத் தடுக்கிறது, இருப்பு வற்றுகிறது. மூளையின் செரட்டோனின் இவ்வாறு குறைவதை 1955இல் அமெரிக்காவில் பிராடி குழுவினர் காட்டினர். பின்னர் ரெசர்பினால் அசைவற்றுக் கிடந்த முயல்களை எல்-டோபா தந்து அர்விட் கார்ல்சன் எழுப்பினார். பார்க்கின்சன் நோய்ச் சிகிச்சைக்கு வழிவகுத்த அவ்வாய்வு 2000இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத்தந்தது.

வற்றிய இருப்புக்கு விலையும் உண்டு. சிலரிடம் மனச்சோர்வு கண்டதாகச் செய்திகள் வந்தன. குளோர்ப்ரோமசின் போன்றவை பரவவே, மனநல மருத்துவத்திலிருந்து ரெசர்பின் விலகியது.

சென்னும் போஸும் தம் கட்டுரைத் தலைப்பில் அதனைப் 'புதிய இந்திய மருந்து' என்றனர். கல்கத்தாவிற்குப் புதிதான அது, உலகிற்கும் புதிதாக இருபது ஆண்டுகள் ஆயின. பீகாரின் பேச்சுவழக்கில் மட்டும் அது என்றோ பழையதாகியிருந்தது. மருந்தின் வரலாற்றை எழுதுவோர் ஆய்விதழ்களுக்கு முன்பாக வட்டாரச் சொற்களையும் புரட்ட வேண்டியிருக்கிறது.