ஐந்து படிகளில் ஏறும் வினைச்சொல்
ஜப்பானிய வினைப் பகுப்பின் வரலாறும் தமிழாசிரியர் அறிய வேண்டுவனவும்

ஒரு மொழியைப் புதிதாய்ப் பயில்வோனுக்குப் பெயர்ச்சொல் விரைவில் வசமாகும், வினைச்சொல் அவ்வாறன்று. காலம், எதிர்மறை, ஏவல், எச்சம் எனப் பலவாறு திரியும் வினைகளை இனம் பிரித்துக் காட்டுவதே இலக்கண ஆசிரியனின் முதற்பணி. ஜப்பானிய மொழியில் அப்பணி நடந்தேறிய வரலாறு தமிழ் கற்பிப்போர்க்கு மிக்க பயன் தருவதாகும். அவ்வரலாற்றில் இந்திய நெடுங்கணக்குக்கும் ஒரு பங்கு உண்டு. சிங்கப்பூர் மக்கள் பட்ட துன்பத்தின் நிழலும் உண்டு.

சியோனான் வகுப்பறை

1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. நகரின் பெயர் ‘சியோனான்’ என மாற்றப்பட்டது. கடிகாரங்கள் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பப்பட்டன. ‘நிப்போன்-கோ’ எனப்பட்ட ஜப்பானிய மொழி பள்ளிகளில் புகுத்தப்பட்டது. கவிஞர் ஜின்போ கோதாரோவின் தலைமையில் பெரியவர்க்கான மொழிப்பள்ளியும் அவ்வாண்டே தொடங்கியது. பிற்காலத்தில் சிங்கப்பூரின் முதற் பிரதமரான லீ குவான் யூ, அந்நாட்களில் ஜப்பானிய மொழி பயின்றதைத் தம் நினைவுநூலில் குறித்துள்ளார்.

கற்றவர் பலரும் விரும்பிக் கற்றவர் அல்லர். வேலைக்காகவும், காவலனின் கேள்விக்கு விடை சொல்லவும், உயிருக்கு அஞ்சியும் கற்றனர். சயாம் இரயில் பாதைக்கு இட்டுச் செல்லப்பட்டு மீளாத தமிழ்த் தொழிலாளர் எண்ணற்றோர். அக்கொடுமையை மறத்தல் இயலாது. எனினும் மொழி குற்றவாளி அன்று. ஆள்வோர் செய்த பிழையை அவர் பேசிய சொல்லின்மேல் ஏற்றுதல் முறையாகாது. 1978-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு பிறமொழி நிலையம் அமைத்து, தேர்ந்த மாணவர்க்கு ஜப்பானிய மொழியை மூன்றாம் மொழியாய்க் கற்பிக்கத் தொடங்கியது. ஒரு காலத்தில் ரப்பர் மரங்களும் பண்ணைகளும் நிறைந்திருந்த செங்காங் வட்டாரம் இன்று அடுக்குமாடி நகராகிவிட்டது. அங்கு வளரும் தமிழ்ப் பிள்ளையும் இன்று அம்மொழியை அச்சமின்றி, விருப்பத்தோடு கற்கலாம்.

நெடுங்கணக்கின் நெடும்பயணம்

ஜப்பானிய வகுப்பில் முதலிற் கற்பிக்கப்படுவது ‘ஐம்பது ஒலி அட்டவணை’. அதன் உயிர்கள் அ, இ, உ, எ, ஒ என்பன. தமிழிலக்கணம் குற்றெழுத்தென்று கூறும் ஐந்தும் அதே வரிசையில் நிற்பதைக் காண்க. மெய்வரிசையோ க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ எனச் செல்கிறது. இவற்றுள் ஹகரம் பண்டைக்காலத்தில் பகரமாக ஒலித்தது என்பது மொழிநூலார் துணிபு. அதனைப் பகரமாக்கிப் பார்த்தால், க, ச, த, ந, ப, ம, ய, ர, வ எனத் தமிழ்ச் சிறுவன் அரிச்சுவடியில் ஓதும் வரிசையே எஞ்சுகிறது.

இஃது எவ்வாறு நேர்ந்தது? இந்தியத் துறவியான போதிசேனர் 736-ஆம் ஆண்டில் ஜப்பானை அடைந்தார். 752-ஆம் ஆண்டில் நாரா நகரத்துப் பெரும்புத்தர் சிலைக்குக் கண்திறப்புச் சடங்கு நிகழ்த்தியவர் அவரே. 806-ஆம் ஆண்டில் சீனத்திலிருந்து மீண்ட கூக்காய் என்னும் துறவி, ‘சித்தம்’ எனப்படும் இந்திய எழுத்துமுறையை நன்கு கற்று வந்தார். மந்திரங்களைப் பிழையின்றி ஓதுதற்பொருட்டு வடமொழி ஒலிகளை ஆராய்ந்த பௌத்தத் துறவிகள், 11-ஆம் நூற்றாண்டளவில் தம் மொழியின் ஒலிகளையும் அம்முறையில் அடுக்கத் தலைப்பட்டனர். ஆகவே அட்டவணை ஜப்பானியருடையது. அதனை ஒழுங்குபடுத்திய அறிவு இந்தியாவினுடையது. அது தமிழிலிருந்து நேரே சென்றதன்று. வடமொழி நூல்வழிச் சென்றது. சியோனான் நாட்களில் அவ்வட்டவணையை அந்நியப் பொருளென எண்ணி மனப்பாடம் செய்த இந்தியச் சிறுவர், தம் நாட்டு நெடுங்கணக்கையே வேறு வடிவில் ஓதினர் எனலாம்.

கண்ணிழந்த அறிஞர்

வினைப் பகுப்புக்கு அடிப்படையானது இவ்வட்டவணையே. 1778-ஆம் ஆண்டில் புஜித்தானி நரியாக்கிரா என்பார் சொற்களை நால்வகையாக்கினார்: பெயர், உடை, கொண்டையூசி, காற்கட்டு. மனிதனைப் பெயருக்கும், அவன் உடுத்தும் ஆடையை வினை முதலியவற்றுக்கும், காற்கட்டை இடைச்சொற்களுக்கும் உவமையாக்கியது அவர் முறை. பெயர், வினை, இடை, உரி எனப் பயின்ற தமிழர்க்கு இந்நால்வகை முற்றிலும் புதிதன்று. ஆயினும் இரண்டும் முழுதும் ஒத்தவையும் அல்ல.

அவருக்குப்பின் வந்தவர் மொத்தோரி ஹருநிவா (1763–1828). பேரறிஞர் மொத்தோரி நொரிநாகாவின் மைந்தரான இவர், முப்பது வயதை ஒட்டிக் கண்பார்வையை இழந்தார். பிறர் எழுத, தாம் சொல்லி, வினைத்திரிபுகளை ஆராய்ந்து இவர் இயற்றிய நூல் 1808-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ‘சொல்லின் பலகிளைப் பாதை’ என்னும் பொருள்பட அமைந்தது அதன் பெயர். வினையின் ஈற்றெழுத்து ஐம்பது ஒலி அட்டவணையில் எத்தனை படி ஏறி இறங்குகிறது என்பதை அளவையாகக் கொண்டு இனம் பிரித்ததே அவர் பெருமை.

படி என்பது யாது?

‘யொமு’ என்னும் வினைக்குப் படித்தல் என்பது பொருள். அதன் எதிர்மறை ‘யொமனை’. பணிவு வடிவம் ‘யொமிமஸ்’. இயல்பு முற்று ‘யொமு’. ‘படித்தால்’ என்பது ‘யொமெப’. ‘படிப்போம்’ என்பது ‘யொமோ’. ம, மி, மு, மெ, மொ என மகர வரிசையின் ஐந்து படிகளிலும் ஈற்றெழுத்து ஏறுகிறது. இது ‘ஐம்படி’ வினை.

‘மிரு’ (காண்) என்பதோ மினை, மிமஸ், மிரு, மிரெப, மியோ என ‘மி’ என்ற ஒரே படியில் நிற்கிறது. ‘தபெரு’ (உண்) என்பதும் ‘தபெ’ என்பதிலிருந்து அசைவதில்லை. இவை ‘ஒருபடி’ வினைகள். குரு (வா), ஸுரு (செய்) என்னும் இரண்டும் எவ்வினத்திலும் அடங்காதவை. இம்மூவினமே இன்று அயலார்க்குக் கற்பிக்கப்படும் முறை. பழைய மொழிக்கோ ஒன்பது இனங்கள் கூறப்படும்.

தமிழ் அறிந்தவன் இங்கு ஒன்றை உடனே காண்பான். ஐந்து படிகளுக்கும் பொதுவாய் நிற்பது ‘யொம்’ என்னும் மெய்யீற்றுப் பகுதி. ஆயின் ஜப்பானிய எழுத்தில் ‘ம்’ எனப் புள்ளியிட்டு எழுத வழியில்லை. மெய்யைப் பிரித்து எழுத இயலாமையால், நிலைத்த பகுதியைக் காட்டாது மாறும் உயிர்மெய்யைக் காட்டினர் அவ்வறிஞர். 1946-ஆம் ஆண்டில் அமெரிக்க மொழியியலார் பெர்னார்டு பிளாக், அவற்றை மெய்யீற்று வினை, உயிரீற்று வினை எனப் பகுத்தார். அதே ஆண்டில் ஜப்பானிய அரசு எழுத்துமுறையைத் திருத்தியது. அதுவரை ‘யொமோ’ என்பதை மகர அகரத்தோடு உகரம் சேர்த்து எழுதி வந்தமையால், அவ்வினம் ‘நாற்படி’ எனப் பெயர் பெற்றிருந்தது. எழுத்து மாறியபின் ஐந்தாம் படி தோன்றியது. மொழி மாறவில்லை, எழுத்து மாற, இலக்கணத்தின் பெயர் மாறிற்று.

தமிழில் நன்னூலார் 23 வினைப்பகுதிகளை வாய்பாடாகத் தந்தார். 1855-ஆம் ஆண்டில் ஜெர்மானியரான கார்ல் கிரவுல் தமிழ் வினைகளை ஏழு இனமாக்கினார். நோக்கம் வேறாயினும் பகுப்பின் தேவை ஒன்றே. ‘அடைந்தது, அடைத்தான்’ எனத் தமிழில் இனம் மாறப் பொருள் மாறுவது போல, அங்கும் ‘அகரு’ (உயர்) ஐம்படியாகவும், ‘அகெரு’ (உயர்த்து) ஒருபடியாகவும் நிற்கின்றன. ‘கிரு’ என்னும் ஒரே ஒலி, வெட்டுதற்பொருளில் ‘கிரனை’ எனவும், உடுத்தற்பொருளில் ‘கினை’ எனவும் எதிர்மறை பெறும். இனம் அறியாதவன் இங்கு இடறுவான்.

ஒப்புமையும் உறவும்

‘யொன்தெ’ என்பது ‘படித்து’ என்னும் வினையெச்சத்துக்கு நிகர். ‘யொன்தெ மிரு’ எனில் படித்துப் பார். ‘யொன்தெ ஒக்கு’ எனில் படித்து வை. துணைவினையின் சொற்பொருளும் ஒன்றே. அது தரும் கருத்தும் ஒன்றே. இத்தகைய ஒப்புமைகளால் ஈர்க்கப்பட்ட பேராசிரியர் ஓனோ சுசுமு (1919–2008), தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவுண்டு எனப் பல்லாண்டு ஆராய்ந்தார். பேராசிரியர் பொற்கோவும், யாழ்ப்பாணத்து அறிஞர்களான சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இருவரும் அவருக்குத் துணைநின்றனர். எனினும் மொழியியலார் பெரும்பாலோர் அம்முடிவை ஏற்கவில்லை.

தமிழர் இங்குத்தான் நிதானம் காத்தல் வேண்டும். ஜப்பானியத்தில் ‘இரு’ என்னும் வினைக்கு இருத்தல் என்பதே பொருள். கேட்டவுடன் உள்ளம் துள்ளும். ஆயின் அச்சொல்லின் பழைய வடிவத்தில் முதலில் வகரம் நின்றது. இன்றைய உருவத்தை மட்டும் கண்டு உறவு கொண்டாடுவோன் ஏமாறுவான். மேலும், தமிழ் வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டும். ஜப்பானிய வினை இவற்றுள் எதனையும் காட்டாது. நான், நீ, அவன் யாவர்க்கும் ‘யொமு’ ஒன்றே.

உறவு நிறுவப்படாவிடினும் ஒப்புமை பயனற்றதன்று. வினையெச்சத்தையும் துணைவினையையும் தாய்மொழியில் தெளிவாய்க் கற்ற மாணவன், ஜப்பானிய வாக்கியத்தின் போக்கை எளிதில் உணர்வான். பகுதி, விகுதி என்று பிரித்துப் பழகியவனுக்கு ஐந்து படிகளும் ஒரு படியாகவே தோன்றும். தமிழ் இலக்கணம் தேர்வுக்கு மட்டுமே உரியது என்று எண்ணும் பெற்றோர்க்கு ஆசிரியர் கூறத்தக்க விடை இதுவே: தன் மொழியின் வினையைப் பிரித்தறியக் கற்றவன், பிறமொழி வினையைக் கண்டு அஞ்சான்.